சுங்குடிப் போர்வை

பூரணிக்குக் கல்யாணம் நடந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அது பிந்திய கல்யாணம்தான். பெண் கேட்டு யாரும் வராமல் இல்லை. அவளுடைய அம்மா வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அண்ணன்மார் தனித்தனியே குடும்பமாகிவிட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மாவைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, பகலில் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடிவந்து ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்து, மறுபடியும் மலைக்குப் போவாள். அப்படியே வருஷங்கள் போயின. 1950இல் அம்மா இறந்தாள். மறு வருஷம் வைகாசியில், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் தூள் சலிக்கிற வீரய்யாவுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள்.

வீரய்யா வெளித்தோட்டத்து ஆள். நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு சாக்கு மூட்டையுமாக வந்து இங்கே பேர் பதிந்தவர். முதல் மனைவி நாகலெட்சுமி பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு காய்ச்சல் கண்டு இறந்துபோனாள், பிள்ளையும் தங்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வலது காலை இழுத்து நடப்பார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு தொடை எலும்பு முறிந்ததாம். மலையில் ஏற முடியாது என்பதால் ஸ்டோரில் வேலை கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை குடிக்கமாட்டார் என்று சொன்னார்கள். அதிகம் பேசவும் மாட்டார் என்பதை யாரும் சொல்லவில்லை. அதைப் பூரணி போய்த்தான் தெரிந்துகொண்டாள்.

அது அவளுக்குப் பெரிய குறையாகப் படவில்லை. வாதத்தில் அம்மாவுக்குப் பேச்சும் போயிருந்தது. முகத்தைப் பார்த்துப் பசியா வலியா என்று தெரிந்துகொண்டு பழகியவள் அவள். குழம்பில் உப்புக் கூடினால் வீரய்யா தண்ணீர் கேட்பார், குறைந்தால் ஒன்றும் கேட்கமாட்டார். ஸ்டோரில் யாரோடாவது மனஸ்தாபம் என்றால் வந்ததும் விறகு பிளப்பார். இதெல்லாம் ஒரு மாதத்திலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

நாகலெட்சுமியைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை, பூரணியும் கேட்கவில்லை. பண்டிகை நாளில் சாமிப் படத்துக்கு முன்னால் இரண்டு வெற்றிலையைத் தனியாக வைப்பார். அது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். அந்த வெற்றிலையை அவளே கழுவி எடுத்துக் கொடுப்பாள்.

1952 தீபாவளிக்கு முன்னால் லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தோட்டத்தில் ஆள் அனுப்பினார்கள். லயத்து அறையான காம்பராவில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைக்க வேண்டும். பூரணி அப்போது ஐந்து மாதம். வீரய்யா ஸ்டோரில் இருந்தார். அவள் பானை சட்டிகளை முன் திண்ணையான இஸ்தோப்பில் அடுக்கிவிட்டு, அடுப்புக்கு மேலே குறுக்காகப் போட்டிருந்த பலகையிலிருந்து விறகையும் பழைய கூடையையும் இறக்கினாள். அவற்றுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒரு சாக்கு மூட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கரிப்புகை படிந்து சுவரும் சாக்கும் ஒரே நிறமாக இருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. தரை துடைக்கப் பழந்துணி ஏதாவது அகப்படும் என்று நினைத்து அவிழ்த்தாள்.

உள்ளே மெத்தை போலத் தடித்த ஒரு போர்வை நாலாக மடிந்து கிடந்தது. புகை நாற்றமும் எலி நாற்றமுமாக அடித்தது. விரித்துப் பார்த்தபோது நடுப்பகுதி கறுத்திருந்தாலும் மடிப்பின் உட்புறத்தில் சிவப்பு தெரிந்தது. வெள்ளைப் புள்ளி போட்ட பழைய சுங்குடிச் சேலை. அடிப்பக்கம் வெளுத்த மாச் சாக்குத் துணி. இரண்டுக்கும் நடுவே தோட்டத்தில் கொடுக்கிற கறுப்புக் கம்பளியை வைத்துத் தைத்திருந்தது. தைத்திருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. போர்வை முழுக்கக் கலர் நூலால் பூ வேலை. ஒரு கோழியும் குஞ்சுகளும். பீலியிலிருந்து தண்ணீர் விழுகிறது; கீழே குடம். மலைச்சரிவில் வரிசையாகத் தேயிலைச் செடிகள். சுருண்டு படுத்த ஒரு நாய். ஒரு மூலையில் கூடை சுமந்த ஒரு பெண். அவளுடைய தலையும் கூடையில் பாதியும் இருந்த இடத்தை எலி தின்றிருந்தது.

பூரணி சுண்ணாம்புக்காரர்கள் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீரய்யா வந்ததும் அதைக் காட்டி, "இது என்னங்க?" என்று கேட்டாள்.

அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டே, "அது நாகலெட்சுமி காலத்துது" என்றார்.

"வச்சிக்கவா, போட்டுறவா?"

"ஒன் இஷ்டம்."

அன்றைக்கு அவர் விறகு பிளந்தார். பிளந்தது பிளந்தபடியே அடுக்காமல் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

பூரணியின் மனதில் அந்தப் போர்வை அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. இறந்தவளைப் பற்றி அதுவரை அவளுக்குத் தெரிந்தது ஒரு பெயரும் இரண்டு வெற்றிலையும்தான். இப்போது இறந்தவளுக்கு ஒரு கையும் வந்துவிட்டது. எப்படிப்பட்ட கை. பூரணி கொழுந்து எடுப்பதில் யாருக்கும் சளைத்தவளில்லை. ஆனால் ஊசி பிடிப்பதென்றால் கிழிந்ததை இழுத்துச் சேர்ப்பதோடு சரி. கோழியின் கழுத்தில் தனித்தனி இறகு வைத்துத் தைத்தவளோடு வாழ்ந்த மனுஷன் தன்னோடு என்ன பேசுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அவருடைய மௌனம் அதுவரை வெறும் சுபாவமாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தாள்.

தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒருநாள் நினைத்தாள். போட்டால், செத்தவளைக் கண்டு பயந்தவள் ஆகிவிடுவோம் என்று மறுநாள் நினைத்தாள். மார்கழிக் குளிர் வருகிறது, வீட்டில் இருப்பது ஒரே கம்பளி, மாசியில் பிள்ளை பிறக்கும் என்பது மூன்றாவது நினைப்பு. அந்த மூன்றாவதுதான் கடைசியில் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் துவைத்துவிடுவது என்று முடிவெடுத்தாள்.

அடுத்த காம்பராவில் இருந்த பவுலின்தான் துணைக்கு வந்தாள். பவுலின் பிள்ளைக்காம்பராவில் ஆயா. மலைக்குப் போகிற தாய்மார் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பூரணியைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கல்யாணத்துக்கு முன் அட்டனில் கன்னியர் மடமொன்றில் வேலைக்கு நின்றவள். அங்கே பூசைத் துணிகளை எப்படித் துவைப்பார்கள், எப்படித் தைப்பார்கள் என்று பார்த்திருந்தாள். சவர்க்காரம் போட்டால் சுங்குடிச் சிவப்பு சாயம் விட்டு எல்லாம் சிவந்துபோகும் என்று சொன்னது அவள்தான். தலவாக்கலைக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கிவரச் சொல்லி, ஊறவைத்து நுரைத்த தண்ணீரில் முதலில் ஒரு ஓரத்தை மட்டும் நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தார்கள். சாயம் போகவில்லை. பிறகு போர்வையை உதறினார்கள். கரியும் எலிப் புழுக்கையும் பழைய தேயிலைத் தூசியும் கொட்டியது. பீலிக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடிக்காமல், முறுக்காமல், காலால் மெதுவாக மிதித்து மிதித்துக் கரித்தண்ணீரை வெளியேற்றினார்கள். தண்ணீர் தெளிவதற்குள் மதியமாகிவிட்டது. கம்பளி தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி தூக்கக்கூடாது என்று பவுலின் திட்டிவிட்டு, பீலியில் குளிக்க வந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டுத் தூக்கவைத்தாள். கொடியில் போட்டால் அந்தக் கனத்துக்கே தையல் அறுந்துவிடும் என்பதால் பாறைமேல் பரப்பினார்கள்.

காய்வதுதான் பெரிய பாடாகிவிட்டது. பகல் பத்து மணிக்கு வெயில் வரும்; பதினொன்றுக்கு மூடுபனி இறங்கும். மழை தூறினால் சுருட்டிக்கொண்டு ஓடவேண்டும். பூரணி மலைக்குப் போன நேரத்தில் பவுலினும் அவள் இல்லாதபோது பக்கத்து வீட்டு ஆட்களும் பார்த்துக்கொண்டார்கள். ஈரக்கம்பளி வாடை லயம் முழுக்க அடித்தது. ஸ்டோரில் அடுப்படிச் சூட்டில் ஒரு பகல் போட்டால் காய்ந்துவிடும் என்று பூரணி வீரய்யாவிடம் சொன்னாள். அவர் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டும் பார்த்தார். அந்த வாடை தூளில் ஏறிவிடும் என்று டீமேக்கர் மறுத்துவிட்டார். அந்தப் பதிலை வந்து சொன்னபோதுதான், தன் கணவன் இதற்காகப் போய் ஒருவரிடம் வாய்திறந்து கேட்டிருக்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. நாகலெட்சுமியின் பொருளுக்காகத்தானே என்று அது அவளுக்கு இன்னும் கசந்தது.

ஒருவழியாகக் காய்ந்தபோது சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நன்றாகத் தெளிந்துவிட்டன. கிழிந்த இடங்களும் கூடவே தெளிந்தன. பவுலினிடம் ஊசி வாங்கி, அவள் காட்டியபடி சங்கிலித் தையல் போட்டுப் பார்த்தாள் பூரணி. சங்கிலி ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் தொங்கியும் புழு நெளிவதுபோல வந்தது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கிய நேரத்தில் பவுலின் அதை வாங்கிப் பிரித்துவிட்டு, போர்வையைத் திருப்பிப் பின்பக்கத்துத் தையலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத தைச்சது எடதுகைக்காரங்க, பூரணி. நூலு சாயுற பக்கத்தப் பாரு. நாம தைக்கிறதுக்கு நேர் எதிரா போகுது. அதான் ஒனக்குச் சேர மாட்டேங்குது."

பூரணியின் வீட்டிலும் ஒரு இடதுகைக்காரர் உண்டு. சோற்றுக்கு மட்டும்தான் வீரய்யாவுக்கு வலதுகை. கத்தி, கோடாலி, சுத்தியல் எல்லாம் இடதுகை. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேருமே அப்படியா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. அதிலும் ஒரு பொருத்தம் அவர்களுக்கு இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். வீரய்யா வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தலையில் படிந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அவங்களும் ஒங்கள மாதிரி எடது கையா?"

"யாரு?"

"அவங்கதான். நாகலெட்சுமி."

"இல்ல. அவ சோத்துக்கைதான்."

"அப்ப இந்தப் போர்வைய யாரு தைச்சா?"

வீரய்யா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். லயத்து வரிசையை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

அன்றைக்கு அவர் பேசியது அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து பேசியதற்குச் சமம். உள்ளே வந்து உட்கார்ந்துதான் பேசினார். கால் முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பல மாதம் படுக்கையில் கிடந்தாராம். நாகலெட்சுமி மலைக்குப் போய்ச் சம்பாதித்தாள். குளிரில் முறிந்த இடம் குத்தியது. வீட்டிலிருந்த இரண்டு நைந்த கம்பளியையும் சேர்த்து, அவளுடைய பழைய சேலையை மேலே போட்டு, சாக்கு ஊசியால் பெரிய பெரிய தையலாகப் போட்டு ஒரு படுக்கை பண்ணினார். வேலை முடிந்தும் கை சும்மா இருக்கவில்லை. நாகலெட்சுமியிடம் சின்ன ஊசி வாங்கிவரச் சொன்னார். படுத்த இடத்திலிருந்து வாசல் வழியாகத் தெரிந்ததையெல்லாம் தைத்தார். கோழி தெரிந்தது, பீலி தெரிந்தது, எதிர்மலை தெரிந்தது. பக்கத்து வீட்டு நாய் வந்து வாசலில் படுத்தது. சாயங்காலம் கூடையோடு நாகலெட்சுமி வந்தாள்.

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வருவோர் போவோரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் பெருமையாகத்தான் காட்டினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆம்பிளை கால் முறிந்தால் பொம்பிளை ஆகிவிடுவானா என்று கேட்டார்கள். நடக்கத் தொடங்கிப் பெரட்டுக்குப் போன முதல் நாளே அவருக்குத் 'தையக்காரி' என்று பட்டப்பெயர் காத்திருந்தது. பிறகு 1948இல் நாகலெட்சுமிக்குப் பிள்ளை பிறந்து காய்ச்சல் வந்தபோது இந்தப் போர்வையைத்தான் போர்த்திவிட்டார். அவள் போன பிறகு இதை எரிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்தைவிட்டே வந்துவிட்டார்.

பூரணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் யாரோடு மல்லுக்கு நின்றோம் என்று நினைத்துச் சிரித்தாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் அவர் முகம் சுண்டியதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் கெடந்து வேகப்போறேன்?"

"நீயும் சிரிப்பேன்னு நெனச்சேன்."

"இப்ப சிரிச்சது அதுக்கில்ல" என்றாள். வேறு எதற்கு என்று அவள் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கோபம் அன்றைக்கே தீர்ந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. பிள்ளை பெற்றவள் காய்ச்சலில் கிடந்து உயிர்விட்ட போர்வை. தானும் பிள்ளை பெறப்போகிறவள். தைத்தவர் யார் என்பது பவுலினோடு நின்றாலும், நாகலெட்சுமி போர்த்திக் கிடந்த கதை வெளியே கசிந்து, லயத்துப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி, கடைசியில் பூரணியிடமே வந்து சொன்னார்கள். அதை ஆற்றில் விட்டுவிடு என்றார்கள். அவள் போர்வையை மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சில நாள் தொடாமல் இருந்தாள். பவுலினிடம் கேட்டாள்.  பவுலின், தனக்கு இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லை என்றும், அப்போது போர்த்தியிருந்தது கடையில் வாங்கிய புதுக் கம்பளி என்றும் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பூரணி அதை யோசித்தாள். அம்மா படுத்திருந்த பாயில், அம்மா இறந்த மறுவாரமே தான் படுத்ததையும் யோசித்தாள். அப்போது பயம் எதுவும் வரவில்லை. அம்மா தனக்குக் கெடுதல் நினைக்கமாட்டாள் என்று தெரியும். நாகலெட்சுமி மட்டும் ஏன் நினைக்கவேண்டும்? வருவோர் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சந்தோஷப்பட்ட ஒருத்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிமேலிருந்து போர்வையை எடுத்து வீரய்யாவின் முன்னால் வைத்தாள். தன் கைக்குத் தையல் சேரவில்லை, தைத்தவர்தான் சரிபண்ண வேண்டும் என்றாள். அவர் வாசலைப் பார்த்தார். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சன்னல் பக்கமாக வெளிச்சத்தில் உட்கார்ந்து அவர் ஊசியில் நூல் கோத்தார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் முதல் முயற்சியிலேயே கோத்துவிட்டார். எலி கடித்த சின்ன இடங்களையெல்லாம் முடித்துவிட்டு, மூலைக்கு வந்ததும் கை நின்றது.

"இந்த எடத்துல வெறும் ஒட்டுப் போட்டுடலாம்" என்றார்.

"ஏன்? அவங்களயும் முழுசா தைங்க."

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு, தலையிலிருந்து கூடைக்கயிறு எப்படி இறங்கும் என்பது மறந்துவிட்டது என்றார். முகம் மறந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. பூரணிக்கு அது புரிந்தது.

அவள் இஸ்தோப்புக்குப் போய்த் தன் கொழுந்துக்கூடையை எடுத்துவந்தாள். மழைக்குப் போடுகிற கொங்காணியைத் தலையில் மடித்துப்போட்டு, கயிற்றை நெற்றிக்கு மேலே ஏற்றி, கூடையை முதுகில் சாய்த்து, மூடிய கதவுக்கு முன்னால் நின்றாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. நிற்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. வீரய்யா அவளைப் பார்ப்பதும் துணியைப் பார்ப்பதுமாகத் தைத்தார். இடையில் ஒரு தடவை, கால் வலித்தால் உட்காரச் சொன்னார். வலிக்கவில்லை என்றாள். முகத்துக்குக் கண்ணும் மூக்கும் வைக்காமல் பக்கவாட்டில் ஒரு கோடாக மட்டும் விட்டார். முடித்ததும் அவள் வந்து பார்த்தாள். நன்றாக இருந்தது. அது யார் மாதிரி இருக்கிறது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மாசியில் தவமணி பிறந்தாள். அடுத்து மூன்று வருஷம் கழித்து அழகன். இரண்டு பிள்ளைகளும் அந்தப் போர்வையில்தான் வளர்ந்தன. பூரணிக்கு அதன் பராமரிப்பு கைப்பழக்கம் ஆகிவிட்டது. அடிக்கடி துவைக்கமாட்டாள், தை, மாசி வெயிலில் பாறைமேல் விரித்து இரண்டு பக்கமும் காயவைப்பாள். பூச்சி வராமலிருக்க யூக்கலிப்டஸ் இலையைக் காயவைத்து மடிப்புக்குள் போடுவாள். நூல் தளர்ந்த இடத்தைப் பார்த்து வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீரய்யாவிடம் காட்டுவாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு தைப்பார்.

1957 மார்கழியில் தீவு முழுக்கப் பெருவெள்ளம் வந்தது. தோட்டத்தில் மழை விடாமல் கொட்டி, லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து பின்சுவரில் வந்து நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த லயத்து ஆட்களையெல்லாம் பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். பூரணி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டாள். வீரய்யா போர்வையைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவர்களுடைய கம்பளியெல்லாம் நனைந்துபோயிருந்தன. பவுலின் நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைக் குறுக்காக வரிசையாகப் படுக்கவைத்து இந்த ஒரு போர்வையைப் போர்த்திவிட்டாள்.

விடிந்ததும் மழை கொஞ்சம் ஓய்ந்தது. பெரியவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். கவ்வாத்துக்காரர் கந்தப்பன் குனிந்து போர்வையைப் பார்த்தார். கோழியைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு நல்ல வேலையை யார் செய்தது, இந்தியாவிலிருந்து வந்ததா என்று கேட்டார். பவுலினுக்குத் தெரியும்; அவள் வாயைத் திறக்கவில்லை. பூரணி வீரய்யாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர்தான் தைச்சாரு" என்றாள் பூரணி.

கந்தப்பன் நிமிர்ந்து வீரய்யாவைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "அப்ப எம் பொஞ்சாதிக்கு ஒரு ரவிக்கை தைச்சுக் குடுங்கண்ணே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.  வீரய்யா கையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"அளவு கொண்டா, தைச்சுத் தாரேன்" என்றார்.

இந்த மனுஷனிடமிருந்து இப்படி ஒரு பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். கந்தப்பனும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது. வெள்ளம் வடிந்து லயத்தைத் திருத்திக் கொடுத்த பிறகு, கந்தப்பன் மனைவி உண்மையாகவே ஒரு துணியும் பழைய ரவிக்கையும் கொண்டுவந்தாள். வீரய்யா தைத்துக் கொடுத்தார். கழுத்து கொஞ்சம் இறுக்கம் என்று சொன்னாள். அதற்குப் பிறகு கிழிசலும் ஒட்டும் என்று லயத்திலிருந்து ஏதாவது வந்துகொண்டேயிருந்தது. கதவை அவர் சாத்துவதில்லை. வெளிச்சத்துக்காக இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துகொள்வார். கோயில் திரைச்சீலைக்கு மயில் வைத்துத் தரும்படி ஒரு தடவை கேட்டார்கள். மயிலைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லி அதை மட்டும் மறுத்துவிட்டார்.

ஸ்டோர்த் தூசி அவருடைய நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இருமல் வருஷத்துக்கு வருஷம் கூடியது. டிஸ்பென்சரி மருந்தும் நுவரெலியா ஆஸ்பத்திரியும் கொஞ்சகாலம் இழுத்துப்பிடித்தன. 1963 கார்த்திகையில் ஒரு மத்தியானம், பூரணி கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பார்க்கையில் உயிர் போயிருந்தது.

சாவுக்கு நோர்வூட்டிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் செல்லசாமி வந்தார். குளிப்பாட்டிக் கோடி போட்டு எல்லாம் ஆன பிறகு, தைத்தவர் கையோடு அந்தப் போர்வையும் போகட்டும், மேலே போர்த்திக் குழிக்குள் இறக்கிவிடுவோம் என்றார். அங்கே நின்ற பலருக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு பேர் அதை எடுக்க உள்ளேயும் போய்விட்டார்கள். பூரணி அழுதுகொண்டிருந்தவள் எழுந்து வாசலில் வந்து நின்றாள்.

"அத எடுக்காதீங்க."

"அவரு பொருளு தானம்மா?" என்றார் செல்லசாமி.

"ஆமாங்க, அவரு பொருளுதான். அவருக்கு இனிமே குளிராது. புள்ளைங்களுக்குக் குளிரும்."

உள்ளே போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். புருஷனுக்கு ஒரு போர்வை கொடுக்க மனம் வராதவள் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. கருமாதி முடிந்த மறுநாள் அவள் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.

1965 சித்திரையில் போர்வையைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே இருந்த கம்பளி திரண்டு உருண்டை உருண்டையாகச் சேர்ந்துவிட்டது தெரிந்தது. கோழி இருந்த இடத்தில் மேடு. மலை இருந்த இடம் வெறும் துணி. தோட்டத்தில் அந்த வருஷம் கொடுத்த புதுக் கம்பளியை எடுத்து வைத்தாள். பூ வேலை அறுந்துவிடாமல் மாச் சாக்குப் பக்கத்து ஓரத்தை மட்டும் பிரித்து, பழையதைத் துண்டு துண்டாக உருவி, புதியதை உள்ளே தள்ளிப் பரப்பினாள். அதற்குப் பிறகு நடுவே பிடித்துத் தைக்க வேண்டும். அவளுக்கு மெல்லிய தையல் கடைசிவரை வரவில்லை. அழகுக்கு இல்லாமல் பிடிப்புக்கு மட்டும், உருவங்களைத் தொடாமல் சந்துகளில் சாக்கு ஊசியால் பெரிய தையலாகப் போட்டாள். பன்னிரண்டு வயதுத் தவமணி மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பவுலின் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒரு பக்கத்தை முடித்துக் கொடுத்தாள். ஆடி மழை பிடிப்பதற்குள் வேலை முடிந்தது. புதுக் கம்பளி முதலில் கொஞ்சம் குத்தியது, பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இரண்டு மழைக்காலம் போனால் சரியாகிவிடும் என்று பூரணி சொன்னாள்.